இரண்டு முறை கூப்பிட்ட குரல்

இது நடந்தது. ஆதிகேசவன் பொய்யே சொல்லாத ஆள் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். லீவு கேட்கும்போது அவனைவிடப் பெரிய புளுகன் பீன்யா தொழிற்பேட்டையிலேயே கிடையாது. ஆனால் இதை எங்களிடம் சொல்லி முடிக்கும்வரை கையிலிருந்த டீயை அவன் ஒரு வாய் குடிக்கவில்லை. மேலே ஆடை கட்டிவிட்டது. புளுகுகிறவன் டீயை ஆறவிட மாட்டான். நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் இருட்டில் தனியாக இருக்கும்போது யோசித்துக்கொள்ளலாம்.

அவன் வேலை செய்யும் கம்பெனி வருஷா வருஷம் ஃபேமிலி டே நடத்தும். இந்த முறை பிடதிப் பக்கம், மைசூர் ரோட்டில் இருக்கும் பெரிய தீம் பார்க்கில். டீ-ஷர்ட், தொப்பி, பேனர், குழந்தைகளுக்கான பரிசு மூட்டை எல்லாவற்றோடும் ஒரு ஆள் முதல் நாளே போய்ப் பக்கத்தில் தங்க வேண்டும். காலையில் கேட் திறக்கும்போது எல்லாம் தயாராக இருக்க வேண்டும். யார் போவது என்று பேச்சு வந்தபோது எச்ஆர் க்ளென் யோசிக்கவே இல்லை.

"ஆதி, நீ போப்பா. நீ எப்படியும் தனி ஆள்தான?"

க்ளென் கெட்டவன் இல்லை. உள்ளதைத்தான் சொன்னான். ஆனாலும் ஆதிக்குச் சுருக்கென்றது.

நாலு மாதமாக அவன் பீன்யாவில், கூட வேலை செய்கிறவர்களோடு ஒரு ரூமில் இருந்தான். மனைவி ரூபினியும் ஏழு வயது மகள் சங்கமித்ராவும் விவேக் நகர் வாடகை வீட்டில். சண்டை எதில் ஆரம்பித்தது என்று இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது. முடிந்தது மட்டும் நன்றாக நினைவிருந்தது. "நீங்க ரெண்டு பேரும் இல்லன்னா நான் நிம்மதியா இருப்பேன்" என்று வாயை விட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவன் அவன்தான்.

மன்னிப்புக் கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அந்த ஒரு வார்த்தை மட்டும் அவன் வாயில் வராது. அதற்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினான். 'ஞாயித்துக்கிழமை ஃபேமிலி டே. உங்க ரெண்டு பேர் பேரும் குடுத்திருக்கேன்.' நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. வந்தால் குடும்பம் உண்டு, வராவிட்டால் அவ்வளவுதான் என்று மனசுக்குள் முடிவு கட்டி வைத்திருந்தான்.

கம்பெனி வேன் அவனையும் மூட்டைகளையும் ஒரு லாட்ஜ் வாசலில் இறக்கிவிட்டுப் போனது. பார்க் திறந்த காலத்தில் கட்டினது போலிருக்கிறது. முன் சுவரில் டால்ஃபின் படம், அதன் வால் பக்கம் பெயிண்ட் உரிந்து செங்கல் தெரிந்தது. பரீட்சை மாதம். கூட்டமே இல்லை. ரிசப்ஷனில் ப்ரஹ்லாத் என்று ஒருத்தர், பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகப் பேசினார்.

"ஒப்பரேனா? தனியாவா? ஃபேமிலி இல்வா?"

"நாளைக்கு வருவாங்க" என்றான் ஆதி.

"மேல் மாடில நீங்க மட்டும்தான் சார். எட்டு மணிக்கு அப்பறம் எங்க ஆளுங்க மேல வரமாட்டாங்க. ஏதாவது வேணும்னா போன் மாடி."

ரூமில் மூன்று பேருக்கான கட்டில். ஏசி என்ற பேரில் ஒரு பெட்டி, ஓடாது. ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை. எத்தனையோ குடும்பங்கள் நனைந்த துணியோடு வந்து போனதில், நீச்சல்குளத்து க்ளோரின் வாசனை மெத்தைவரை ஏறியிருந்தது. கதவுக்குப் பக்கத்துச் சுவரில் பேனாவால் கோடு போட்டு யாரோ தங்கள் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்திருந்தார்கள். ஆதி அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். மித்ரா இப்போது எந்தக் கோடு வரை வருவாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது.

ஜன்னல் வழியே பார்த்தால் ராட்டினம் தெரிந்தது. பார்க் மூடும்வரை ஜனங்களின் கூச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

செருப்பைக் கழற்றிவிடக் குனிந்தபோது கட்டிலுக்கு அடியில் ஒரு ரப்பர் வளையம் கிடந்தது. சின்னக் குழந்தைகள் இடுப்பில் மாட்டிக்கொண்டு நீந்துவார்களே, அது. காற்று இறங்காமல் கல் மாதிரி இருந்தது. தொட்டால் ஈரம்.

யாரோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை எடுத்துக் கதவுக்கு வெளியே வைத்தான். தாழ்ப்பாள் போட்டான். வாங்கி வந்த பொட்டலத்தைப் பிரித்து எலுமிச்சம் சாதம் சாப்பிட்டான். தனியாகச் சாப்பிட்டுப் பழகிவிட்டது என்று நாலு மாதமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். பழகவில்லை. பாதியை அப்படியே மூடி வைத்துவிட்டுக் கை கழுவப் போனான்.

திரும்பி வந்தபோது வளையம் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

ஒருவேளை எடுத்து வைத்ததாக நினைத்துக்கொண்டோமோ? அலைச்சல். தூக்கம் இல்லை. அப்படித்தான் தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆனால் மறுபடி அதைத் தொடவில்லை. கட்டில் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, செல்போனில் ரூபினியின் பெயரை எடுத்துப் பார்த்தான். மணி ஒன்பது நாற்பது. கூப்பிடலாமா என்று விரலை வைத்தான்.

கரண்ட் போனது.

வராந்தாவின் அந்தக் கோடியில்…

சளக்… சளக்…

ஈர ரப்பர் செருப்போடு யாரோ நடக்கிற சத்தம்.

மேல் மாடியில் யாரும் இல்லை என்று ப்ரஹ்லாத் சொன்னாரே!

சளக்… சளக்…

ரூம் ரூமாகக் கடந்து வந்தது. அவன் கதவுக்கு எதிரே நின்றது.

தட். தட்.

"மித்ராப்பா…"

ரூபினி!

உலகத்தில் அவனை அப்படிக் கூப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான். அதே குரல். சொல்லின் கடைசியில் லேசாக இழுக்கிற அதே இழுப்பு. ஆதி கட்டிலைவிட்டுக் குதித்தான். தாழ்ப்பாள்வரை கை போய்விட்டது. அப்புறம்தான் நினைவு வந்தது.

அவன் பிறந்து வளர்ந்த லைன் வீடுகளில் ஒரு கட்டு உண்டு. இருட்டின பிறகு வெளியே யார் கூப்பிட்டாலும், மூன்றாவது தடவை கூப்பிடுகிறவரை பதில் சொல்லக் கூடாது. காத்து கருப்பு இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாது. கதவைத் திறந்தாலாவது தப்பிக்கலாம், வாயைத் திறந்தால் தப்பிக்க முடியாது, பதில் சொன்னவன் குரலை அது வாங்கிக்கொண்டு போய்விடும் என்பார்கள். ரூபினி இதைக் கேட்டு எத்தனையோ தடவை கிண்டல் பண்ணியிருக்கிறாள். அவளோ, வீட்டு வாசலில் யார் கூப்பிட்டாலும் முதல் குரலிலேயே "தோ வரேன்" என்று எழுந்து போகிறவள்.

ஆதி காத்திருந்தான்.

"மித்ராப்பா… வந்திருக்கேன்…"

இரண்டு.

கதவுக்குக் கீழே பார்த்தான். செல்போன் வெளிச்சத்தில், ஈரம் உள்ளே கசிந்து வந்துகொண்டிருந்தது. க்ளோரின் வாசனை குப்பென்று அடித்தது.

மூன்றாவது குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

வரவில்லை.

ஆனால் அது போகவும் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம். அழுது முடித்த பிறகு மூக்கை உறிஞ்சுவாளே… அந்தச் சத்தம்.

நிஜமாகவே ரூபினியாக இருந்தால்? பிள்ளையையும் இழுத்துக்கொண்டு இந்நேரத்துக்கு இவ்வளவு தூரம் வந்திருந்தால்? இப்போதும் பேசாமல் நின்றால், இனி இந்த ஜென்மத்தில் திரும்பி வருவாளா?

பயத்தைவிட ஏக்கம் பெரிதாக இருந்தது. வாயை அடக்க முடியவில்லை.

"ரூபினி… நீ வீட்டுக்குப் போ. நான் வரேன்."

மூச்சுச் சத்தம் நின்றது.

பிறகு…

சளக்… சளக்… சளக்…

வேகமாகப் போனது. ஓடுகிற மாதிரி.

கரண்ட் வந்தது. கதவுக்குக் கீழே தரை காய்ந்து கிடந்தது. கட்டிலுக்கு அடியில் வளையம் இல்லை. ஆதி விளக்கை அணைக்காமல், பரிசு மூட்டையைக் கட்டிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தான். ரூபினிக்குப் போன் பண்ணத் தோன்றவே இல்லை. அதற்காக இன்றைக்கும் தன்னைத் திட்டிக்கொள்கிறான்.

காலையில் வெயில் வந்ததும் எல்லாமே அசட்டுத்தனமாகத் தெரிந்தது. கம்பெனி பஸ்கள் வந்து நின்றன. ஆதி கேட்டுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு, டீ-ஷர்ட் கொடுத்துக்கொண்டே ஒவ்வொரு பஸ் படியையும் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது பஸ்ஸில் கடைசியாக மித்ரா குதித்தாள். பின்னாலேயே ரூபினி. அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தொப்பியைச் சரிசெய்கிற மாதிரி துடைத்துக்கொண்டான்.

மித்ரா ஓடி வந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா! நீ எப்பிடி எங்களுக்கு முன்னாடி வந்த?"

ரூபினி சிரித்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்க்கிறான்.

"நல்லா தூங்கிட்டிருந்தீங்களேன்னு எழுப்பாம வந்தேன். பைக்ல வந்துட்டீங்களா?"

"எங்க தூங்கிட்டிருந்தேன்?"

"எங்கயா? நம்ம வீட்டுலதான்."

ஆதி கிண்டல் என்றுதான் நினைத்தான். அவள் முகத்தில் கிண்டல் இல்லை. கூட்டத்தைவிட்டு அவனைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போய், குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நேத்து பத்து மணி நியூஸ்கூட ஆரம்பிக்கல. வாசல்ல உங்க குரல். ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டீங்க. ஓடி வந்து தொறந்தேன். தொப்பலா நனைஞ்சு நிக்கிறீங்க. மழையே இல்ல. 'வரேன்னு சொன்னேன்ல, வந்துட்டேன்'னீங்க. நீங்க எப்ப சொன்னீங்கன்னு எனக்குப் புரியல. அப்பறம் என் கால்கிட்ட உக்காந்து… அப்பிடி அழுதீங்களே. மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோன்னு. இந்த ஒரு வார்த்தைக்குத்தாங்க நான் நாலு மாசமா காத்துட்டிருந்தேன்."

பிடதியிலிருந்து விவேக் நகருக்கு, எவ்வளவு பறந்தாலும், இருபது நிமிஷத்தில் போக முடியாது.

வந்தது நான் இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால், அவள் வந்ததற்கான காரணமே போய்விடும். மித்ரா அவன் கையைப் பிடித்து ராட்டினத்தின் பக்கம் இழுத்தாள்.

"ஆமா" என்றான் ஆதி.

அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருந்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லா விளையாட்டிலும் ஏறினார்கள், மூன்று பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். சந்தோஷத்துக்கு நடுவே அவன் மட்டும் அடிக்கடி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

சாயங்காலம் விவேக் நகர் வந்தபோது தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. மித்ரா அவன் தோளில் தூங்கிவிட்டாள். ரூபினி கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை.

"நீங்க உள்ள இருக்கீங்கன்னு நான் பூட்டவே இல்ல. சும்மா சாத்திட்டு வந்தேன். சாவி உங்ககிட்டயா?"

"எங்கிட்ட சாவி இல்ல."

அவள் பூட்டு தொங்குகிறதா என்று பார்த்தாள். பூட்டு இல்லை. தாழ்ப்பாள் உள்பக்கம் போட்டிருந்தது.

ரூபினி கதவைத் தட்டினாள்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. யாரோ கால் வைத்து இறங்கினார்கள். கதவருகே வந்தார்கள்.

"யாரு?"

ஆதியின் குரல்!

ரூபினி மெதுவாகத் திரும்பித் தன் பக்கத்தில் நின்ற புருஷனைப் பார்த்தாள். அவன் வாய் மூடியிருந்தது.

அவள் போட்ட கூச்சலில் கீழ் வீட்டு லாயிட் அங்கிள் டார்ச்சோடு ஓடி வந்தார். அவர் கை வைத்ததும் கதவு தானாகத் திறந்துகொண்டது. உள்ளே யாரும் இல்லை. பின்வாசல் என்று ஒன்று அந்த வீட்டுக்குக் கிடையாது. கட்டிலில் ஒரு ஆள் படுத்த அளவுக்கு மெத்தை நனைந்திருந்தது.

"நேத்து வந்தது நீங்க இல்லியா?"

"இல்ல ரூபினி."

அங்கேயே, தெருவே பார்த்துக்கொண்டிருக்க, ஆதி அவளிடம் மன்னிப்புக் கேட்டான். தன் சொந்த வாயால், முதல் தடவையாக. திக்கித் திணறித்தான் வந்தது. அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுவாரமே வீட்டை மாற்றினார்கள். இப்போது பீன்யா பக்கத்திலேயே மூன்று பேரும் ஒன்றாக இருக்கிறார்கள். ரூபினி நன்றாகப் பேசுகிறாள், சமைக்கிறாள், சிரிக்கிறாள். ஒரே ஒரு தடவைதான் அந்தப் பேச்சை எடுத்தாளாம், அதுவும் துணி மடித்துக்கொண்டே.

"அது மன்னிப்பு கேட்ட மாதிரி நீங்க கேக்கலங்க."

இதைச் சொல்லிவிட்டு ஆதி ஆறிப்போன டீயைக் கீழே வைத்தான். பிறகு, இதுவரை அவளிடம்கூடக் கேட்காத ஒன்றைச் சொன்னான்.

தினமும் ராத்திரி தாழ்ப்பாளைப் போடுவது அவன்தான். இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறான். ஒருநாள் தூக்கம் வராமல் கண்ணை மூடிப் படுத்திருந்தபோது, ரூபினி எழுந்து போனாள். சத்தம் வராமல் தாழ்ப்பாளை நீக்கினாள். திரும்பி வந்து, கதவைப் பார்த்தபடி படுத்துக்கொண்டாள்.