காய்க்காத ஐந்து செடிகள்

என் மனைவியை அவள் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். மருத்துவமனைப் படுக்கைவிரிப்புகளைத் தரம் பிரிப்பது அவள் வேலை. நல்லது அலமாரிக்கு, கிழிந்தது கந்தலுக்கு. எதையும் இரண்டாம் முறை திருப்பிப் பார்க்க மாட்டாள். வீட்டிலும் அதே வேகம்தான். உட்கார்ந்து காபி குடித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் ஒரே மகள் நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டுப் பக்கத்து ஊர் ஓட்டல் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தபோதும் ஒரே நிமிடத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டாள். "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத." மகளும் அம்மாவை உரித்து வைத்தவள். மிதிக்கவில்லை. இரண்டு வருடம் ஓடிவிட்டது. நான் மட்டும் ஞாயிறுதோறும் தோட்டத்துக் கொட்டகைக்குள் போய்ப் பூனை மாதிரி உட்கார்ந்து மகளிடம் போனில் பேசிவிட்டு வருவேன். ஆணி தேடினேன், சுத்தியல் தேடினேன் என்று வாரம் ஒரு சாக்கு.

இந்தக் குளிர்தேசத்தில் இந்த வருடப் பனி முடிகிற சமயத்தில் மகளிடமிருந்து ஒரு தபால் வந்தது. உறையில் அம்மா பெயர். உள்ளே ஒரு விதைப் பொட்டலம், ஒரு துண்டுச் சீட்டு. "இது டொமாட்டிலோ. எங்க சமையல்ல தினமும் அரைக்கிற காய். நம்ம குளிருக்கும் வருமாம்." அவ்வளவுதான். தக்காளிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். சொடக்குத் தக்காளி போலவே மேலே ஓர் உறை இருக்கும். பச்சைக் காய் அதற்குள் பருக்கும்.

என் மனைவி பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் ஜன்னலோரம், ஹீட்டருக்கு மேலே, எட்டுக் காகிதக் குவளைகள் நின்றன. பாத்திரம் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "காய்ச்சதும் பறிச்சு எடுத்துக்கிட்டுப் போய்க் குடுக்கலாம். வெறுங்கையோட போய் அவ முன்னாடி நிக்க மாட்டேன்." எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து அந்தச் செடிமேல் எனக்கும் உயிர்.

எட்டு விதையும் முளைத்தன. சாண் உயரம் வந்ததும் வேலைப் பழக்கம் கைக்கு வந்துவிட்டது. தண்டு தடித்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற ஏழையும் பிடுங்கிப் போட்டாள்.

"ஏம்மா, இன்னும் ரெண்டையாவது விட்டிருக்கலாமே?" என்றேன்.

"எல்லாம் சவலை. இடத்தத்தான் அடைக்கும்."

பிறகு அந்த ஒன்றின் பக்கக்கிளைகளைக் கிள்ளித் தண்ணீர் டம்ளரில் வைத்தாள். பத்து நாளில் வேர் விட்டது. ஒன்று ஐந்தாயிற்று. "நல்லதுலேருந்து எடுத்தா எல்லாமே நல்லதா இருக்கும்" என்றாள். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

குளிர் பழகுவதற்காகக் காலையில் தொட்டிகள் வெளியே போகும், சாயங்காலம் உள்ளே வரும். ஒருநாள் காற்று பலமாக அடிக்கிறதென்று வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஜூனில் மண்ணில் இறக்கினோம். ஜூலைக்கெல்லாம் இடுப்பளவு வளர்ந்து மஞ்சள் மஞ்சளாகப் பூத்தன. வண்டு வந்தது, தேனீ வந்தது. காயைத்தான் காணோம். பூ கொட்டியது. இங்கொன்றும் அங்கொன்றுமாக உறை தொங்கும். அழுத்தினால் உள்ளே வெறும் காற்று. உரம் வைத்தாள், கொம்பு நட்டாள், கொம்பை மாற்றி நட்டாள். தேனீக்களைக்கூடத் திட்டினாள். ஆகஸ்ட் பிறந்தபோது அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. செப்டம்பர் கடைசியில் பனி விழும். பனி பட்டால் செடி அன்றே கருகிவிடும்.

அந்த ஞாயிறு போனில் மகளிடம் கேட்டேன். கொட்டகை அதிர அவள் சிரித்தாள். "அஞ்சும் ஒண்ணோட கிளையா? அப்ப அஞ்சும் ஒரே செடிதாம்ப்பா! அது தன் மகரந்தத்துலயே காய்க்காது. வேற விதையில முளைச்ச செடி பக்கத்துல நிக்கணும். இங்க ஓட்டல் பின்வாசல்ல நானும் ஒண்ணு வச்சிருக்கேன். அதுவும் தனி மரமா நின்னு பூவக் கொட்டுது. நேத்துதான் எங்க பெரிய சமையல்காரர் சொன்னார்."

உள்ளே போய் மனைவியிடம் விதைக்கடைக்காரர் தலையில் எல்லாவற்றையும் கட்டினேன். அவர்தான் சொன்னார், பக்கத்து ஊரில் ஏதோ ஓட்டலுக்குப் பின்னால் ஒரு செடி இருக்கிறதாம் என்று அளந்தேன். எனக்கே கேவலமாக இருந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "எத்தன மணிக்குப் பஸ்?" என்றாள்.

ஒரு செடியை வேரோடு தோண்டி வாளியில் வைத்து மடியில் இடுக்கிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் ஒரு கிளை என் காதைக் குத்தியது. பின்வாசலில் மகள் ஏப்ரனோடு வெளியே வந்து அப்படியே நின்றாள்.

"இத எங்க வைக்கிறது?" என்றாள் இவள்.

"அந்தத் தொட்டி பக்கத்துல வைம்மா" என்றாள் அவள்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு பேசிய பேச்சு இது. திரும்பும்போது மகள் பூவோடு ஒரு கிளையை வெட்டிப் பாட்டிலில் போட்டுக் கொடுத்தாள். அதன் பிறகு, தன் விடுமுறை நாளான புதன்கிழமைதோறும் புதுக் கிளையோடு அவளே வந்தாள். தோட்டத்துக் கேட் வழியாக வருவாள், அதே வழியாகப் போவாள். பூவுக்குப் பூ மகரந்தம் தடவுவார்கள். பேச்செல்லாம் உரம், தண்ணீர், உறை. நான் காலண்டரில் நாளை எண்ணினேன். பனி விழுந்தால் செடி போகும். செடி போனால் இந்தப் பேச்சும் போகும்.

செப்டம்பர் கடைசிப் புதன். மறுநாள் பனி என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். மூவரும் பறித்தோம். காய் பருத்து உறை வெடித்தவை ஒரு கூடை, உறை நிறையாத பிஞ்சு ஒரு கூடை. கையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது. கூடையைத் தூக்கிக்கொண்டு மகள் கேட்டாள்: "ஆமா, கடைக்காரர்னு அப்பா விட்ட கதைய எப்படிம்மா நம்பின?"

"யாரு நம்பினா?" செடியைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள். "உங்கப்பாவுக்குக் காது மந்தம். ஸ்பீக்கரப் போட்டுதான பேசுவாரு. ஒரு ஞாயித்துக்கிழமைகூட விடாம கொட்டகைக்குப் பின்னால நின்னிருக்கேன். மழையிலயும் நின்னேன். போன வைக்கிறதுக்கு முன்னாடி, அம்மா எப்படி இருக்கான்னு கேப்ப. நல்லா இருக்கான்னு இவரு சொல்வாரு. உள்ள ஓடி வந்து, நான் நல்லா இல்லடின்னு கத்தணும் போல இருக்கும். வாய் வரல. தப்பு என்னோடதுதான்டி."

மகள் கூடையைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கடைக்காரர் கதையெல்லாம் ஒரு பொய்யே இல்லை. ஞாயிறுதோறும் "நல்லா இருக்கா" என்று நான் சொன்னதுதான் பொய்.