ராஜகிரி மலையில் படப்பிடிப்பு நின்ற காரணம்

இந்த நினைவு மலரின் ஆறாம் பக்கத்தில் இயக்குநர் எழுதியிருப்பது பொய். மலரைத் தொகுத்தவள் மகளாகிய நான்தான். அந்தப் பக்கத்தை எடுத்துவிடு என்றார் அம்மா. எடுக்கவில்லை. ஓர் எழுத்தும் மாற்றாமல் போட்டிருக்கிறேன்.

ராகு காலம் பார்த்து மூன்று நாள் படப்பிடிப்பை நிறுத்திய வெள்ளந்தி மனிதராம் என் அப்பா, நைனா. இருபது வருடமாக மேடைக்கு மேடை இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியவர், நினைவு மலரிலாவது விட்டிருக்கலாம்.

நைனா பிறந்தது தொண்டூரில். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டு மழை பொய்த்த வருடம், பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் செஞ்சி டூரிங் டாக்கீஸில் படப்பெட்டி தூக்கப் போனார். பிறகு சென்னையில் படப்பிடிப்புகளில் சாப்பாடு பரிமாறினார், நிர்வாகம் பார்த்தார், சொந்தமாகப் படம் எடுத்தார். ஊரறிந்த தயாரிப்பாளர் ஆன பிறகும், லைட் தூக்குகிறவர்கள் சாப்பிட்ட பின்புதான் இலையில் உட்காருவார்.

படப்பிடிப்பு நின்ற அந்தப் படம் நைனா தயாரித்தது; இயக்குநருக்கு அதுதான் முதல் படம். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலைமேல் காட்சி. உச்சி வெயிலில் கேமரா கிரேனுக்கான இரும்பு எடைகளைப் படியேற்றச் சொன்னார். எடை தூக்கி ஏறிய லைட்மேன், தொண்டூர் கோவிந்தன் அண்ணன் மயங்கி விழுந்து முழங்கால் உடைந்தது.

கீழே இருந்த நைனா ஓடி வந்தார். "யார்ரா இந்த வெயில்ல ஏத்தச் சொன்னது?"

இயக்குநர் தலைகுனிந்து நின்றார்.

"எறங்குங்க எல்லாரும். கோவிந்தனுக்கு ஆபரேஷன் முடியற வரைக்கும் கேமரா ஓடாது."

பத்திரிகைக்காரர்களிடம் மட்டும், "நாள் சரியில்ல" என்றார். முதல் படத்திலேயே ஆள் விழுந்த பேச்சு கிளம்பினால் அந்த இயக்குநருக்கு அடுத்த படம் கிடைக்காது என்றுதான் அப்படிச் சொன்னார். கோவிந்தன் அண்ணனையும் பேசவிடவில்லை. சினிமாவில் எல்லாரும் நாள் பார்ப்பதால் எல்லாரும் நம்பினார்கள். நைனா பஞ்சாங்கத்தைத் தொட்டவரே இல்லை. படப்பிடிப்பு முடிந்து பூசணிக்காய் உடைக்கப் போனால், "கூட்டு வச்சாலும் வேலைக்காவும், எதுக்குடா உடைக்கிறீங்க?" என்பார். அவருக்குத்தான் 'பஞ்சாங்கம்' என்று பட்டப்பெயர்.

எனக்கு நைனாமேலும் கோபம்தான். "ஊரே சிரிக்குது, வாயத் தொறந்து சொன்னா இன்னா?" என்று எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறேன்.

"நான் சொன்னா அவன் மானம் போவும். அவனே சொல்லட்டும், உடு."

நைனா படுக்கையில் கிடந்தபோது இயக்குநர் போன் செய்தார். "அண்ணே, ராகு காலம் முடிஞ்சதும் எழுந்து வந்துடுங்க." நைனா சிரித்தார். போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். "இன்னிக்காவது சொல்லுவான்னு பாத்தேன்" என்றார். நாலாம் நாள் போய்விட்டார்.

அந்த நாட்களில் நைனாவைத் தூக்கி உட்காரவைத்தவர், நொண்டும் காலோடு தினமும் பஸ் ஏறி வந்த கோவிந்தன் அண்ணன். அவருக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் அம்மாவுக்கும், துக்க வீட்டில் எங்களைச் சாப்பிட வைத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஐயா இயக்குநரே, இன்று நைனாவின் முதலாண்டு நினைவு நாள். இந்த மண்டபத்தில் உங்கள் கையிலும் இந்த மலர் இருக்கிறது. முதல் வரிசையில் கோவிந்தன் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். மேடையில் மைக் இருக்கிறது. மலையில் நைனா கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்த வெயிலில் ஏற்றச் சொன்னது யார்? எழுந்து வந்து எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.