முனீஸ்வரி வெந்நீரில் போட்ட வால்வு

சின்னமனூரில் சுருளியாண்டியின் கார்ப் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், அவர் மனைவி முனீஸ்வரிக்குப் பேச வராது என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வாழைக்காய் வியாபாரி ஒருவர், "அவர் எங்கே?" என்பதைக் கையை விரித்து, மீசையை முறுக்கிக் காட்டி அவளிடம் கேட்டார். வாயைத் திறந்தால் மனுஷன் சங்கடப்படுவாரே என்று முனீஸ்வரியும் கையாலேயே பதில் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மூன்று வருஷமாக அவர் சைகையில்தான் பேசினார். எதிர்க்கடை பேட்டரிக்கார நசீம் இதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார்.

முனீஸ்வரி மயிலாடும்பாறைப் பக்கத்துப் பெண். ஏழாவதோடு படிப்பு நின்றது. மதியம் புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தால் சாயங்காலம் வரை இருப்பாள். கழற்றிப் போட்ட போல்ட்டுகளை அளவு வாரியாகப் பிரிப்பாள், மண்ணெண்ணெயில் கழுவுவாள், டீ போடுவாள். கூச்சம் வாயைக் கட்டிப்போட்டிருந்ததே தவிரக் கண்ணைக் கட்டவில்லை. எந்த வண்டிக்கு எந்தக் கதவில் நசுங்கல், எதற்கு என்ன வேலை பார்த்தது என்பதெல்லாம் அவளுக்கு மறக்காது. சுருளியாண்டிக்கு அதில் ஒன்றும் நினைவிருக்காது.

கார்த்திகை மாதத்துக் கடைசி நாள், மத்தியானம் பன்னிரண்டு மணி வாக்கில் விஜய்பாண்டி ஒரு வெள்ளைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். மேகமலை எஸ்டேட் ஆபீசில் வேலை பார்த்து, அந்தக் குளிரிலேயே குடியிருப்பவன். காரைப் பழசாக வாங்கிப் பத்து நாள்தான் ஆகிறது.

"அண்ணே, ஹீட்டரைப் போட்டா ஜில்லுனு காத்து வருது."

"நம்ம ஊர்ல அதுக்குத்தான் காசு குடுத்து ஏசி போடுறாக," என்றார் நசீம். "ஒனக்குச் சும்மா வருது. அனுபவிப்பா."

விஜய்பாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவி சுபாஸ்ரீ பிரசவத்துக்கு வந்து, மூன்று மாதக் கைக்குழந்தையோடு சின்னமனூரில் தாய்வீட்டில் இருந்தாள். இன்றைக்கு அழைத்துப் போகவேண்டும். விடிந்தால் மார்கழி. மார்கழியில் பிள்ளையையும் தாயையும் புருஷன் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. இன்று விட்டால் தை பிறக்கவேண்டும். ஆறு மணிக்கு மலையடிவாரத்து வனத்துறை கேட்டையும் அடைத்துவிடுவார்கள்.

"கம்பளியில சுத்திக் கொண்டு போயேன்," என்றார் சுருளியாண்டி.

"எங்க அத்தை விடணுமே. பிள்ளைக்குப் போன வாரந்தான் சளி பிடிச்சு எறங்குச்சு. வண்டிக்குள்ள சூடு இருந்தாத்தான் அனுப்புவேன்னு நிக்கிறாக. நானும் எங்க கார்ல ஹீட்டர் இருக்குன்னு போன்ல ஏகத்துக்குப் பேசிட்டேன்."

இருபது வருஷத்தில் ஹீட்டர் வேலை என்று அந்தப் பட்டறைக்கு வந்த முதல் வண்டி அதுதான். சுருளியாண்டி சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு இறங்கினார். ரேடியேட்டரில் தண்ணீர் சரியாக இருந்தது. காற்று வருவதால் ஃபியூஸ் நன்றாகத்தான் இருக்கும் என்று நசீம் அங்கிருந்தபடியே சொன்னார். சூட்டுக்கும் குளிருக்கும் மாற்றுகிற திருகைத் திருப்பினால் கம்பி ஒழுங்காக இழுத்தது. இன்ஜினிலிருந்து ஹீட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய்களையும் கழற்றித் தண்ணீர் விட்டுப் பார்த்தார், அடைப்பில்லாமல் ஓடியது. மறுபடி மாட்டி வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். அதே ஜில் காற்று. இரண்டரை மணி ஆகிவிட்டது.

"உள்ள காத்தைத் திருப்புற தகடு ஒடைஞ்சிருக்கும். டேஷ்போர்டையே பிரிக்கணும்ப்பா. ரெண்டு நாளாகும்."

விஜய்பாண்டி அப்படியே பம்பரில் உட்கார்ந்துவிட்டான். "ரெண்டு நாள்னா ஒரு மாசம்ண்ணே," என்றான். "காலையில செக்போஸ்ட்ல பத்து நிமிஷம் நின்னப்ப லேசா வெதுவெதுனுகூட வந்துச்சு. வண்டி ஓட ஆரம்பிச்சதும் போயிருச்சு."

அவனுக்கு டீயை நீட்டிக்கொண்டிருந்த முனீஸ்வரி அதைக் கேட்டாள். திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, இவ்வளவு நேரம் ஓட்டியும் சூடு காட்டும் முள் அடியிலேயே படுத்துக் கிடந்தது. பின்கதவில் ஒரு நசுங்கல். அதை அவளுக்குத் தெரியும்.

"இந்தாங்க, இங்கன வாங்க," என்று புருஷனை அடுப்புப் பக்கம் கூப்பிட்டாள். "இது வாழைக்காய்க்காரர் வண்டிதான?"

"அதுக்கென்ன இப்ப?"

"இதுல வால்வைக் கழட்டுனீகளா?"

"எந்த வால்வு?"

"எல்லா வண்டியிலயும் கழட்டுவீகளே, அது."

தெர்மோஸ்டாட் வால்வு என்று ஒன்று உண்டு. தண்ணீர் சூடேறும்வரை அதை ரேடியேட்டருக்கு விடாமல் இன்ஜினுக்குள்ளேயே பிடித்துவைத்திருக்கும். அது மூடியபடியே சிக்கிக்கொண்டால் இன்ஜின் கொதித்துப் போகும். சித்திரை வெயிலில் நடுரோட்டில் நிற்பானேன் என்று, வருகிற வண்டி எதுவானாலும் சுருளியாண்டி முதலில் அதைக் கழற்றி வீசிவிடுவார். அதற்குக் கூலியும் கிடையாது. வீட்டுக்குள் நுழைகிறவன் செருப்பைக் கழற்றுவதுபோல அது. அதனால் அதை ஒரு வேலை என்றே அவர் மனசு கணக்கில் வைக்கவில்லை.

"அது இல்லேன்னா என்ன? வண்டி போற காத்துக்கே இன்ஜின் ஜில்லுனு ஓடும்."

"இன்ஜினே ஜில்லுனு ஓடுனா ஹீட்டருக்குச் சூடு எங்கருந்துங்க வரும்?"

நினைத்ததைவிடச் சத்தமாகச் சொல்லிவிட்டாள். பம்பரில் இருந்த விஜய்பாண்டி திரும்பிப் பார்த்தான்.

"அக்கா பேசுவாகளா?" என்றான். "வண்டியை வித்தவர், அந்தம்மாவுக்குப் பேச்சு வராது, சைகையில சொல்லுன்னு சொல்லிவிட்டாரே."

நசீம் சிரிப்பை அடக்க முடியாமல் கடைக்குள் போய்விட்டார். சுருளியாண்டி பின்கதவு நசுங்கலைத் தடவிப் பார்த்தார். பிறகு, "நான்தான் கழட்டிருப்பேன். வேற யாரு கழட்டப் போறா?" என்றார். "இனி புதுசுக்குத் தேனிக்குப் போயிட்டு வந்தா கேட்டை அடைச்சிருவான்."

முனீஸ்வரி பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுத்தாள். பித்தளையாயிற்றே, எடைக்காவது போகும் என்று அவர் வீசியதையெல்லாம் அதில் போட்டுவைத்திருந்தாள். தரையில் கொட்டியபோது நாற்பதுக்குக் குறையாது. இன்ஜின் ஆறியதும் சுருளியாண்டி வால்வு இருக்கவேண்டிய இடத்து மூடியைத் திறந்து அளவு பார்த்தார். மூன்று வால்வுகள் சரியாக உட்கார்ந்தன.

"இதுல எது உசுரோட இருக்குனு யாரு கண்டா?"

"வெந்நியில போட்டுப் பாப்போம். சூட்டுக்குத் தெறக்குறதுதான?"

டீச் சட்டியைக் கழுவித் தண்ணீரைக் கொதிக்கவிட்டாள். முதல் வால்வு அசையவே இல்லை. இரண்டாவது, போடும்போதே திறந்துதான் கிடந்தது. மூன்றாவதும் சும்மாதான் கிடந்தது. விஜய்பாண்டி கடிகாரத்தைப் பார்த்தான். அப்போது அது, தூங்கி எழுந்தவன் கொட்டாவி விடுவதுபோல மெதுவாக வாயைத் திறந்தது. வெளியே எடுத்து வைத்ததும் அதே நிதானத்தோடு மூடிக்கொண்டது.

"இந்தப் பயதான்," என்று துணியில் ஏந்திக் கொடுத்தாள்.

தண்ணீர் கசியாமலிருக்க அட்டையில் கேஸ்கட் வெட்டி மாட்டுகையில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. பொறுக்கமாட்டாமல் மாமியார் ராக்கம்மாளே மகளையும் பேத்தியையும் கூட்டி வந்துவிட்டார். மலைக்குத் துணைக்குப் போகிறவர் அவர். ரெண்டு ஸ்வெட்டர், அதன்மேல் சால்வை, தலையில் கம்பளிக் குல்லா. சின்னமனூர் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"ஆத்தா, ஒங்களுக்கு இங்கனயே பனி எறங்கிருச்சா?" என்றார் நசீம்.

"நீ சிரிப்பப்பா. சூடு வருதா இல்லையா, அதைச் சொல்லு."

தண்ணீர் ஊற்றி, குழாய்க்குள் தங்கிய காற்றைப் போக்கி, பைபாஸ் வரை போய்வந்தார்கள். முள் அடியிலிருந்து கிளம்பி நடுவில் வந்து நின்றது. ராக்கம்மாள் யாரையும் நம்பாமல் தானே தலையை உள்ளே விட்டு, காற்று வரும் இடத்தில் கையை வைத்தார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"சுடுது," என்றார் குற்றம் சொல்வதுபோல. "சரி, ஏறு சுபா."

கார் புறப்பட்டபோது ஐந்தேகால். சுருளியாண்டி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மீதியை இறக்காமல் அங்கேயே நின்றார். ஆறாயிற்று. போன் வரவில்லை. நசீம் கடையை அடைத்துவிட்டு வந்து சும்மா நின்றார். ஆறு பத்துக்குப் போன் அடித்தது.

"அண்ணே, அக்காட்ட குடுங்க," என்றான் விஜய்பாண்டி.

முனீஸ்வரி முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள்.

"கேட்டைத் தாண்டிட்டோம்க்கா. இப்ப மேல ஒரு வளைவுல நிக்கிறோம். பிள்ளை தூங்குது. அத்தைதான் வேர்த்து ஊத்துதுன்னு ஒவ்வொண்ணாக் கழட்டிக்கிட்டே வர்றாக. ஸ்வெட்டர் ரெண்டும் போயிருச்சு, இப்பக் குல்லா. இந்தச் சூட்டை எப்படிக்கா கொறைக்கிறது?"

"அந்தத் திருகை நீலப் பக்கமாக் கொஞ்சந் திருப்புங்க," என்றாள் முனீஸ்வரி. "ரொம்பத் திருப்பிராதீக. அம்புட்டையும் மறுபடி மாட்டுவாக."