சாண் போட்டு அளந்த லண்டன்

நேற்று வெம்பிளிக்குப் போகும் ரயிலில் பக்கத்தில் இருந்தவர் போனில் வரைபடம் பார்த்தார். இரண்டு விரலை விரித்தார், தெரு வீங்கியது. சேர்த்தார், ஊரே சுருங்கியது. எனக்குக் கை துறுதுறுத்தது. அதன் மேல் ஒரு சாண் போட்டுப் பார்க்க வேண்டும் போல.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஓரிடத்தில் கொஞ்ச நாள் இருந்தால் கால் அரிக்கும். லண்டனுக்கு வந்த புதிதில் நகர நடுவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். அறையிலிருந்து நடந்துதான் போவேன். தெரு வரைபடப் புத்தகத்தில் அது ஒரு சாண், நடக்க அரை மணித்தியாலம். என்னுடைய கணிதம் அவ்வளவுதான். அந்தப் புத்தகத்தில் சவர்க்காரமும் வெங்காயமும் மணக்கும். பிற்காலத்தில் எங்கே விட்டேனோ தெரியாது.

பிறகு நகருக்கு வெளியே டூட்டிங்கில் ஓர் அறை. அங்கே கூட இருந்தவன் மன்னார்ப் பெடியன் ஜெயம். அவனுக்குக் குரோய்டனில் அகதி அந்தஸ்துக்கான அசைலம் இன்டர்வியூ, காலை ஒன்பது மணிக்கு. தவறவிட்டால் கேஸை மூடிவிடுவார்கள் என்று எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். பார்த்தால் அன்றைக்கு ரயில் வேலைநிறுத்தம். பஸ்ஸில் தொங்கவும் இடம் கிடைக்காது. நடப்போம் என்றேன். புத்தகத்தை விரித்து அவனுக்குப் பாடம் எடுத்தேன்.

"ரெண்டு சாண். ஒரு மணித்தியாலம் காணும். எட்டு மணிக்கு வெளிக்கிடுவம்."

அவன் தன் சின்னக் கையை வைத்துப் பார்த்தான்.

"அண்ணை, என்ர கைக்கு மூண்டு வருது. லண்டன் ஆரின்ர கைக்குச் சரி?"

"அளந்து நடந்தவன் நான். என்ர கைக்குத்தான்."

"இன்டர்வியூ எனக்கெல்லோ. மூண்டு சாணுக்கு ஒண்டரை மணித்தியாலம். நான் ஏழரைக்குப் போறன்."

முறைத்துக்கொண்டு நானும் ஏழரைக்கே போனேன். ஒரு மணித்தியாலம் நடந்தும் ஒரு சாண்தான் கடந்திருந்தது. தெருவோரம் நின்று பக்கங்களைப் புரட்டினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. நகர நடுப் பக்கங்களை மட்டும் இரண்டு மடங்கு பெரிதாக அச்சடித்திருந்தார்கள். புறநகர்ப் பக்கங்களில் அதே சாணுக்குள் இரண்டு மடங்கு நிலம்.

"ஜெயம், அங்க ஒரு சாண் அரை மணித்தியாலம் எண்டால், இங்க ஒரு மணித்தியாலம். அப்ப ரெண்டு சாண்?"

"ரெண்டு மணித்தியாலம். வாத்தியார், ஓடுங்கோ!"

ஓடினோம். சப்பாத்து வாய் பிளந்தது. இன்டர்வியூ நடக்கும் பெரிய கட்டடத்தின் வாசலில் ஜெயத்தை உள்ளே விட்டபோது ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. அவனுடைய கணக்கும் பிழைதான். ஆனால் அந்தச் சின்னக் கை எங்களுக்கு அரை மணித்தியாலம் தந்திருந்தது.

ஜெயத்துக்கு இங்கே இருக்க விசா கிடைத்தது. பிறகு அவன் கனடா போனான். நான் அதற்குப் பிறகு எத்தனையோ அறை மாறினேன்.

நேற்று வெம்பிளியில் இறங்கும்போது என் போனை எடுத்துக் குரோய்டனைத் தேடி, கையை விரித்து வைத்தேன். திரை முழுவதும் என் சாணுக்குள் அடங்கிவிட்டது. இன்னொருவன் தன் கையை வைத்துச் சண்டை பிடிக்க அதில் இடமில்லை.