துரைக்குக் கொண்டுபோன எலுமிச்சம்பழம்

திண்டிவனத்தில் சப்-கலெக்டர் துரையின் பங்களாவைப் பெருக்குவது என் அம்மாவின் வேலை. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் இங்கிலீஷ் பேசத் தெரிந்த முதல் ஆள் நான்தான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

துரையின் வாழ்க்கை அம்மா மூலம் எங்களுக்கு அத்துப்படி. துரைசானி சண்டை மூளுமுன்பே சீமைக்குக் கப்பலேறிவிட்டாள். நாய்க்கு அவரே சோறு வைப்பார். வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, என்றால் தட்டுத் தட்டாகத் தீர்ப்பார். இங்கிலீஷ் வருஷப் பிறப்பன்று மணியக்காரரிலிருந்து வண்டிக்காரர்வரை வரிசையில் நின்று ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொடுப்பார்கள். அதிகாரியை வெறுங்கையோடு பார்க்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். துரை சிரித்துக்கொண்டே வாங்கி மேசையில் குவிப்பார். அம்மா மிச்சத்தை மடியில் கட்டிக்கொண்டு வருவாள். அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் கேப்பைக் கூழுக்கு எலுமிச்சை ஊறுகாய்தான்.

நாற்பத்திரண்டில், தலைவர்களைப் பிடித்து ஜெயிலில் போட்ட ஆகஸ்ட் மாதம் விழுப்புரம் ஜங்ஷனில் கூட்டம் கல்லெறிந்தது. அடக்கப் போன துரைக்குக் காதோரம் பிளந்தது. தலையில் கட்டோடு திரும்பியவர், இடுப்பில் துப்பாக்கி இல்லாமல் வராந்தாவுக்குக்கூட வரவில்லை. துடைப்பம் கீழே விழுந்த சத்தத்துக்கே துள்ளி எழுந்தாராம்.

அந்த வாரமே விழுப்புரத்துக்கு இந்தப் பக்கம் யாரோ தண்டவாளத்தைக் கழற்றினார்கள். என் அண்ணன் ரயில்வேயில் தண்டவாளம் பழுதுபார்க்கும் கேங்மேன். கழற்றத் தெரிந்தவன் கேங்மேன்தானே என்று அவனோடு வேலை செய்த அத்தனை பேரையும் வாரிவந்து பங்களாவின் பழைய குதிரை லாயத்தில் அடைத்தார்கள். தண்டவாளம் போன அன்று அண்ணன் ஜுரத்தில் எங்கள் வீட்டில் சுருண்டு கிடந்தான். அதை யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் எல்லோருக்கும் பிரம்படி என்று உத்தரவாகிவிட்டது.

துரையிடம் முறையிட அம்மா அடைபட்டவர்களின் பெண்டாட்டிகளையும் தாய்மார்களையும் சேர்த்தாள். ஆளுக்கொரு பழம் கொடுத்தாள். என்னிடமும் நீட்டினாள்.

"எனக்கு வேணாம். நான் இங்கிலீஷ்லயே பேசறேன்."

"வெறுங்கைய வீசிக்கினு போவியா? நாலு எழுத்து படிச்சிட்டா மரியாதை பறந்துடுமா?"

"எனக்குப் பேச வாய் இருக்கு. பழம் எதுக்கு?"

"வாய் இருக்கு, வாய் இருக்கு. அதுதான் ஊருக்கே தெரியுதே."

பங்களா வாசலில் வெளியூர் போலீஸ் நின்றது. எங்கள் வழக்கம் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் வராந்தாவில் நின்ற துரை. பெண்கள் பழத்தைப் பொத்திய கையோடு முன்னே போனார்கள். கும்பிட்டுவிட்டு, எப்போதும் செய்வது போல, பழத்தை நீட்ட எல்லோரும் ஒன்றாகக் கையை உயர்த்தினார்கள்.

துரை அலறினார். உத்தரவு என்று அதைச் சொல்ல முடியாது, பயந்த மனிதனின் அலறல் அது. போலீசுக்கு அது போதும்.

முதல் அடி அம்மாவின் மணிக்கட்டில் விழுந்தது. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம். அடுத்தது அவள் தோளில். பக்கத்தில் நின்ற பெண்ணின் வாயில் லத்தி இறங்கியது. ரத்தத்தோடு பல்லைத் துப்பினாள். பிள்ளைத்தாச்சி ஒருத்தி வயிற்றைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள், அவள் முதுகில் அடித்தார்கள். ஓடியவர்களை ஒருவன் கூந்தலைப் பிடித்து இழுத்து மிதித்தான். பூட்சுக் கால்களுக்கடியில் பழங்கள் நசுங்கின. ரத்தமும் எலுமிச்சையும் கலந்த வாடை வாசலெல்லாம் எழுந்தது.

நான் ஓடவில்லை. படிக்கட்டுவரை போய், துரையின் முகத்தைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னேன்: "ஐயா, இவை எலுமிச்சம்பழங்கள். எங்களில் யாரும் கல் கொண்டுவரவில்லை. என் அண்ணன் குற்றமற்றவன்." ஒரு சொல் பிசகவில்லை.

அவர் காலடியில் ஒரு பழம் உருண்டு கிடந்தது. குனிந்து எடுத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, கழுத்திலிருந்து நெற்றிக் கட்டுவரை சிவந்தார். கையை உயர்த்தினார், லத்திகள் நின்றன. அண்ணனை விட்டுவிடுவார் என்றே நினைத்தேன்.

துரை பழத்தைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்க்காமல், தமிழில், "வீட்டுக்குப் போ" என்றார். பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பித் தலையசைத்தார்.

பெண்கள் வாசலில் கிடக்கும்போதே லாயத்தில் பிரம்படி ஆரம்பித்தது. ஒவ்வொரு அடிக்கும் நாய் குரைத்தது. அண்ணன் குரலை நான் அடையாளம் கண்டேன். அம்மா ஒடிந்த கையை மடியில் போட்டுக்கொண்டு, அந்தக் குரல் நிற்கும்வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் அண்ணனைக் கட்டை வண்டியில் குப்புறப் போட்டுக் கொண்டுவந்தார்கள். முதுகில் தோல் இல்லை. வாழையிலையில் கிடத்தி எண்ணெய் தடவினேன்.

"நீ துரைகிட்ட பேசினியாமே. இன்னா சொன்னான்?"

"வீட்டுக்குப் போன்னான்."

"அவ்ளோ இங்கிலீஷ் பேசி, தமிழ்லயா பதில் வாங்கிக்கினு வந்த?"

சிரித்தான். சிரித்ததில் முதுகு வெடித்து ரத்தம் கசிந்தது. "சிரிக்க வைக்காதடி" என்று பல்லைக் கடித்தான்.

அம்மாவின் மணிக்கட்டு கோணலாகவே கூடியது. அதன்பின் அவள் பங்களாவுக்குப் போகவில்லை. மாற்றலாகிப் போகும்வரை துரை யார் கையிலும் பழம் வாங்கவில்லை என்று பங்களாவின் சமையல்காரர் வந்து சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டாள். இடது கையால் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, "வாங்கலன்னா என்னா, இவன் முதுகு ஆறிடுமா?" என்றாள்.