பருப்பில் பிடித்த நட்சத்திரம்

ஜொகூர் பாருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த மீரா சாகிபுக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் ‘அவசரப் பெருநாள்’. கப்பல்காரன் ஒருவனிடம் தொலைநோக்கி வாங்கிய புதிதில், நோன்பு மாதக் கடைசியில் மேக இடுக்கில் ஒரு பிறையைக் கண்டு, “பெருநாள் பிறை தெரிஞ்சிருச்சு!” என்று கூவிவிட்டார். கடையில் நெய்ச்சோறே ஆக்கிவிட்டார்கள். விடியுமுன் உண்ணும் சஹர் சாப்பாட்டுக்கு ஒருவரும் எழவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவர் கண்டது வெள்ளிக்கோள். குழாய் வழியே பார்த்தால் வெள்ளியும் பிறையாகத் தெரியும் என்பது அந்த மனுஷருக்கு அப்போது தெரியாது. மறுநாள் வெறும் வயிற்றோடு நோன்பிருந்தவர்கள் ஏசியதை இங்கே எழுத முடியாது.

வேறு ஆளென்றால் குழாயைக் கடலில் போட்டிருப்பார். இவர் பிடித்த பிடியை விடவில்லை.

1931இல், மறுபடி நோன்பு மாதம். ஈராஸ் என்ற குட்டிக்கோள் பூமிக்குப் பக்கத்தில் வருவதாகப் பத்திரிகையில் செய்தி வந்தது. ‘வருகிறது’ என்றால் ஊருக்குப் போதுமா? ‘விழுகிறது’ என்று ஆக்கிவிட்டார்கள். கடைக்குப் பால் ஊற்றும் கிருஷ்ணம்மா மாட்டை விற்க விலையே பேசிவிட்டாள்.

“புள்ளைங்கள கூட்டிக்கிட்டு நாகப்பட்டினம் போறேன் பாய்.”

“மேலேருந்து விழுறது நாகப்பட்டினத்த மட்டும் விட்டுருமா?”

“நீங்க பேசாதீங்க. ஒங்க பேச்ச நம்பித்தான் ஊரே பெருநாள் கொண்டாடுச்சு.”

நெஞ்சில் தைத்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லையே. இந்த முறை தான் எதையும் சொல்வதில்லை, ஊரே பார்த்துச் சொல்லட்டும் என்று அப்போதே முடிவு செய்தார்.

மழைக்காலம். பல நாள் காத்திருந்து, தராவீஹ் என்ற நோன்புகால இரவுத் தொழுகை முடிந்த ஒரு நாள் கிழக்கு வானம் தெளிந்தது. ஊரைக் கடை வாசலில் கூட்டி, பத்திரிகை சொன்ன திசைக்குக் குழாயைத் திருப்பினார். நாலுபேர் சேர்ந்து உண்ணும் பெரிய சஹன் தட்டைக் கவிழ்த்து, குழாயில் தெரியும் புள்ளிகளை அப்படியே கடலைப்பருப்பால் அதன்மேல் வைக்கச் சொன்னார் கிருஷ்ணம்மாவிடம். கோலம் போட்ட கை, அச்சாக வைத்தாள். மற்றவர்களும் பார்த்துச் சரி என்றார்கள்.

“நீங்களும் ஒருதரம் பாருங்க முதலாளி,” என்றார் சமையல்காரர் ருக்னுதீன்.

“நான் பாத்தா, நான் சொன்னதாயிரும் லா.”

வானம் நகர நகர, அவர்கள் சொன்ன பக்கம் குழாயைத் தள்ளிக்கொடுப்பதோடு நின்றார். வெகுநேரம் கழித்துக் கிருஷ்ணம்மா மறுபடி கண்ணை வைத்தாள்.

“அலமாக்! ஒரு புள்ளி மட்டும் எடம் மாறிடுச்சு!”

முண்டியடித்துக்கொண்டு எல்லோரும் பார்த்தார்கள். ஆமாம், ஒரு பருப்பு மட்டும் வானத்தோடு ஒத்துப்போகவில்லை; அதுதான் ஈராஸ்.

“நம்ம மேல பாயுற மாடு நேரா வரும்,” என்றாள் கிருஷ்ணம்மா. “இது தன்பாட்டுக்குத் தாண்டிப் போகுது.”

வரிசை நீண்டது. கடைசி ஆளும் பார்த்துவிட்டுப் போனபிறகே மீரா சாகிபு குனிந்தார். மேகம் மூடியிருந்தது. அதன்பின் மழை விடவேயில்லை; அதற்குள் ஈராஸும் தூரப் போய்விட்டது. மறுபடி அவ்வளவு நெருங்கி வர நாற்பது வருஷத்துக்கு மேலாகும். அவரோ ஐம்பதைத் தாண்டியவர்.

மறுநாள் காலை கிருஷ்ணம்மா வழக்கம்போல் பால் கொண்டுவந்தாள்.

“நகந்தது எவ்வளவு சுத்தமா தெரிஞ்சுச்சு! நீங்களும் பாத்தீங்கல்ல, பாய்?”

“நீ பாத்தேல்ல? அது போதும்மா,” என்று பாலை வாங்கிக்கொண்டார்.