ஜான்சி படித்த வாயு

மரக்காணம் உப்பளத்துக் கூலிக் குடும்பத்திலிருந்து முனைவர் பட்டம் வரை போன முதல் ஆள் ஜான்சி. புதுச்சேரி ஆய்வகம் ஒன்றில் நைட்ரிக் ஆக்சைடு பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தாள். ரத்தக் குழாயின் உள்சுவரில் உடம்பே சுரக்கும் வாயு அது. இருந்தால் குழாய் இளகி விரியும், குறைந்தால் இறுகிவிடும். எலியின் குழாயில் வெட்டிய சிறு வளையத்தைக் கொக்கியில் மாட்டி, அந்த வாயு கலந்த நீரை விட்டு, அது தளர்வதைத் திரையில் பார்ப்பது அவளுடைய அன்றாட வேலை. "எங்க ஜான்சி எலிக்கு பிரஷர் பாக்குறா" என்று அக்கா அனுஷியா ஊரில் சொல்லிச் சிரிப்பாள்.

வெகுநாள் காத்திருந்து அனுஷியாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தாய் வயிற்றுக்குள்ளேயே மலம் கலந்த நீரை மூச்சோடு இழுத்திருந்தது. உடம்பெல்லாம் நீலம். செயற்கை சுவாசம் வைத்தும் நிறம் திரும்பவில்லை. ஜான்சி புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது குழந்தைகள் டாக்டர் சித்தார்த்தன் விளக்கினார்.

"நுரையீரல்ல ரத்தக் குழாய் எல்லாம் இறுகிக் கெடக்கும்மா. மூச்சோட நைட்ரிக் ஆக்சைடு குடுத்தா விரியும். எங்ககிட்ட அந்த மெஷின் இல்ல. சென்னைக்கு அனுப்பலாம்னா, ஆம்புலன்ஸ் திண்டிவனம் தாண்டுறதுக்குள்ளயே..."

"சார், எங்க லேப்ல அந்த கேஸ் சிலிண்டர் இருக்குது" என்றாள் ஜான்சி.

அவர் நிமிர்ந்தார். "மனுஷங்களுக்குக் குடுக்குற அளவு சுத்தமானதா?"

"இல்ல சார்."

"அளந்து விடுற கருவி?"

"இல்ல."

"கொஞ்சம் கூடினாலும் நுரையீரலே வெந்துடும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். புதிதாகச் சேருபவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே அவள்தான். இருந்தும் தன் பேராசிரியர் வசந்தாவுக்குப் போன் போட்டாள். "வேணாம் ஜான்சி" என்றார் அவர்.

ரத்தக் குழாயை விரிக்கும் வேறொரு மாத்திரையைக் கரைத்து, மூக்கில் விட்ட டியூப் வழியே கொடுத்தார்கள். ஆக்சிஜன் அளவு கொஞ்சம் ஏறியது. குழந்தையின் அப்பா பிரிட்டோ கண்ணாடிக்கு வெளியே நின்று, "ஏறுதும்மா, பாரு, ஏறுது" என்று ஜான்சிக்குத் திரையைக் காட்டினார். சாயங்காலம் மறுபடி இறங்கியது. மறுநாள் விடிந்ததும் குழந்தை போய்விட்டது.

அடக்கம் முடிந்து சில நாள் இருக்கும். பால் கட்டிக் காய்ச்சலோடு அனுஷியா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"அந்த கேஸு உங்கிட்ட இருந்துச்சாமே ஜான்சி?"

"இருந்துச்சுக்கா. ஆனா அதைக் குழந்தைக்குக் குடுக்க முடியாது. ஏன்னா..."

விளக்க ஆரம்பித்தாள். சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. பாதியிலேயே அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஜான்சி இன்றும் அதே ஆராய்ச்சியில்தான் இருக்கிறாள். வேலையைப் பற்றி அக்கா இப்போது எதுவும் கேட்பதில்லை.

அன்றைக்கு அக்காவிடம் பேசிவிட்டு ஜான்சி வாசலுக்கு வந்தபோது பிரிட்டோ பைக்கை எடுத்துக்கொண்டிருந்தார். மழைக்கு முந்தி உப்பை வாரியாக வேண்டும் என்று மேஸ்திரி ஆள் அனுப்பியிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேம்மா. அவனுக்கு வலிச்சிருக்குமா?"

"இல்ல மாமா. மயக்க மருந்து குடுத்துதான் வச்சிருந்தாங்க. தெரிஞ்சிருக்காது."

"நெசமாவா?"

"நெசமாத்தான் மாமா."

அவர் தலையாட்டினார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு உப்பளத்துக்குப் போனார்.